லிஸ்ட்டின் ஹங்கேரிய ராப்சடிகளைக் கேட்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டாம் அண்ட் ஜெர்ரியில் பூனை கோட்டு மாட்டிக்கொண்டு பியானோ முன்னால் உட்காருமே, அப்போது அது வாசிப்பது 19ஆம் நூற்றாண்டு ஹங்கேரிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி. மனம்போன போக்கில் மெட்டுகளைக் கோத்து எழுதும் படைப்பைத்தான் ராப்சடி என்பார்கள். 1947இல் வந்த அந்தக் கார்ட்டூன் வழியாகத்தான் உலகத்தில் பெரும்பாலானோர் இந்த இசையைச் சந்தித்திருக்கிறார்கள். பலருக்கு அதோடு சரி. 'என்ன வேகம்!' என்று வியந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். மேற்கத்திய சங்கீதத்தில் ஊறியவர்களிலும் ஒரு பகுதியினர் இதை விரல் வித்தை என்று ஒதுக்குவது உண்டு.

நான் அப்படி நினைக்கவில்லை. இந்த ராப்சடிகளில் உள்ள வேகத்துக்கும் சத்தத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஐந்தாறு பேர் கொண்ட ஒரு ரோமா (ஜிப்சி) வாத்தியக் குழுவை ஒரே ஆளின் பத்து விரலுக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். இப்போது வாசிப்பது வயலினா, கிளாரினெட்டா, சிம்பலோமா என்று காது பிடிக்கத் தொடங்கிவிட்டால், வெறும் வாணவேடிக்கையாகக் கேட்டதெல்லாம் பாட்டாகிவிடும். அந்தக் காதைப் பழக்குவதற்கான வழிதான் இது. ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியையும் தனித்தனி மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: முதலில் லிஸ்ட்டைக் கேட்காதீர்கள்

ஹங்கேரிய ரோமா இசைக் குழு ஒன்றின் பதிவைத் தேடி எடுங்கள். சிம்பலோம், சார்டாஷ், வெர்புன்கோஷ் என்று தேடினால் நிறையக் கிடைக்கும். பழைய ஒலித்தட்டு உறைகளில் ஜிப்சி இசை என்றே போட்டிருப்பார்கள்.

குழுவுக்குத் தலைவர் முதல் வயலின்காரர். அவரைப் ப்ரிமாஷ் என்பார்கள். மெட்டு அவருடையது. அதை இழுப்பது, குழைப்பது, திடீரென்று நிறுத்துவது எல்லாம் அவர் இஷ்டம். இரண்டாவது வயலினோ வியோலாவோ தாளத்தின் இடைவெளிகளில் வெட்டி வெட்டி வாசிக்கும். அடியில் டபுள் பேஸ். மேலே கிளாரினெட் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் சிம்பலோம். பெட்டியின் மேல் கம்பிகளைக் கட்டி, நுனியில் பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் அடித்து வாசிக்கும் கருவி அது. நம் காதுக்குப் பழகிய சந்தூருக்குச் சொந்தக்காரக் கருவி. இன்று மேடைகளில் காணும் கால் வைத்த, பெடல் உள்ள பெரிய சிம்பலோமைப் புடாபெஸ்டில் ஷுண்டா 1874இல் உருவாக்கினார். லிஸ்ட் முதல் பதினைந்து ராப்சடிகளை எழுதியபோது அவர் காதில் இருந்தது அதற்கு முந்தைய சின்னக் கருவி.

இந்தக் குழுக்கள் வாசித்த பாணியின் பெயர் வெர்புன்கோஷ். 18ஆம் நூற்றாண்டில், ஹங்கேரியை ஆண்ட ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ராணுவத்துக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராகப் போனவர்கள், ரோமா வாத்தியக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, சிப்பாய்களை ஆடவைத்து இளைஞர்களை இழுத்தார்கள். அந்த ஆட்டத்துக்கான இசை இது. மெதுவாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொடங்கும். போகப் போகச் சூடேறும். யானோஷ் பிஹாரி (1764–1827) என்ற ரோமா வயலின் மேதை இந்தப் பாணியில் கொடிகட்டிப் பறந்தவர். சிறுவன் லிஸ்ட் அவர் வாசிப்பைக் கேட்டிருக்கிறான். பெரியவனான பிறகும் அதை மறக்கவில்லை.

கேட்கும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தாளம் சமமாக நடக்காது. நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று விந்தி நடக்கும். இரண்டு, அடி முடியும் இடத்தில் கடைசிச் சுரத்தைச் சுற்றி ஒரு சின்ன வளைவு வரும், பிறகு தட்டி நிற்கும். ஆடுபவர் பூட்ஸ் குதிகாலை ஒன்றோடொன்று இடிக்கும் இடம் அது. மூன்று, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியெல்லாம் அலங்காரத்தால் நிரம்பியிருக்கும். இந்த மூன்றையும் லிஸ்ட்டிடம் அப்படியே பார்க்கப் போகிறீர்கள்.

படி 2: அந்த ஸ்கேலை ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள்

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்தப் படி எளிது. ஹங்கேரிய மைனர் ஸ்கேல் என்று புத்தகங்கள் சொல்லும் சுர வரிசை நம் 57ஆவது மேளமான சிம்மேந்திரமத்திமத்தின் சுரங்களேதான். ச, ரி2, க2, ம2, ப, த1, நி3. கீபோர்டிலோ போனில் உள்ள பியானோ செயலியிலோ சி, டி, இ ஃப்ளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ ஃப்ளாட், பி என்று வரிசையாக அழுத்துங்கள். காந்தாரத்திலிருந்து மத்திமத்துக்கும், தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கும் போகும்போது அகலமான தாவல் வரும். ராப்சடிகளில் அந்த ஏக்கத்தைக் கொடுப்பது இந்த இரண்டு தாவல்கள்தான். 13ஆம் ராப்சடியின் மெதுவான பகுதியில் இது பளிச்சென்று கேட்கும்.

சுரங்கள் ஒன்று என்பதற்காக ராகமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லிஸ்ட் இந்த ஸ்கேலுக்குள்ளேயே தங்குவதில்லை. மேற்கத்திய இசையின் அடிப்படை ஸ்கேல் வகைகளான சாதாரண மைனரிலும் மேஜரிலும் நடந்துகொண்டிருப்பவர், தேவைப்படும் இடத்தில் இதற்குள் இறங்கி ஏறுவார். இன்னொரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. பியானோவில் கமகம் கிடையாது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம்தான், அதை அசைக்கவோ வளைக்கவோ முடியாது. வயலின்காரர் விரலை நகர்த்திச் செய்கிற குழைவைப் பியானோவில் எப்படிக் கொண்டுவருவது? லிஸ்ட் ஒவ்வொரு முக்கியச் சுரத்துக்கும் முன்னால் இரண்டு மூன்று பொடிச் சுரங்களைச் சேர்த்தார். மெதுவான பகுதிகளில் அச்சடித்த தாளைப் பார்த்தால் பெரிய எழுத்துகளுக்கு நடுவே எறும்பு ஊர்வதைப் போலச் சின்ன எழுத்துகள் தெரியும். வயலின் இழுப்புக்குப் பியானோ கண்டுபிடித்த ஈடு அவை. அலங்காரம் அதிகம் என்று லிஸ்ட்டைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது.

படி 3: இரண்டாம் ராப்சடியைத் துண்டு துண்டாகக் கேளுங்கள்

மொத்தம் சுமார் பத்து நிமிடம். 1847இல் எழுதப்பட்டு 1851இல் அச்சானது. இதில் இரண்டு பெரிய பகுதிகள்: மெதுவான லாஷ்ஷான், வேகமான ஃப்ரிஷ்கா. வெர்புன்கோஷின் மெதுவும் வேகமும்தான் இவை.

தொடக்கத்தில் சில விநாடிகளுக்குத் தாளமே இருக்காது. கனமான கார்டுகளோடு (பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் கூட்டுகளோடு) ஒரு அறிவிப்பு வரும். ப்ரிமாஷ் வில்லை ஓங்கிக்கொண்டு எல்லாரையும் தன் பக்கம் திருப்பும் கட்டம் இது. பிறகு சி ஷார்ப் மைனரில் லாஷ்ஷான் மெட்டு தாழ்ந்த குரலில் வரும். இடது கை அடக்கமாகத் தாளம் தர, பாட்டு மேலே விந்தி விந்தி நடக்கும். அடி முடியும்போது நான் சொன்ன வளைவைத் தேடுங்கள், கிடைக்கும். நடுநடுவே பாட்டு நின்று, கட்டைகளின் உயரமான பகுதியில் மெல்லிய சுரங்கள் சிதறி ஓடும். அது சிம்பலோம்காரர் முறை.

ஃப்ரிஷ்கா தொடங்கும் இடத்தில் ஒலியைக் கூட்டாதீர்கள். அது மிக மெல்லிய ஒலியில்தான் தொடங்க வேண்டும். ஒரே சுரம் திரும்பத் திரும்ப, குச்சி கம்பியில் குதிப்பதைப் போலத் துடிக்கும். லாஷ்ஷானில் நளினமாக வந்த ஒரு மெட்டு இப்போது படபடப்போடு தலைகாட்டும். எஃப் ஷார்ப் மைனரில் நடுங்கிக்கொண்டிருப்பது ஏறி ஏறி எஃப் ஷார்ப் மேஜரில் வெடிக்கும். அந்த இடத்தில் இடது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டே கார்டுகள், மாறி மாறி. தெருவில் போகிற யாரும் கூடவே தட்டிவிடலாம். கார்டுகளில் லிஸ்ட் இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் வலது கை அப்படிப் பறக்க முடிகிறது.

முடிவுக்குச் சற்று முன்னால் எல்லாம் ஓய்ந்து, பழைய மைனர் மெட்டு ஒன்று நினைவுபோல வந்து போகும். அங்கே லிஸ்ட் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். விருப்பம்போல் கேடன்சா, அதாவது தனி ஆவர்த்தனம்போல ஒரு பகுதி, வாசித்துக்கொள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். வாசிப்பவர் சொந்தமாக எதையாவது சேர்க்கலாம், சேர்க்காமலும் போகலாம். ரஷ்யப் பியானோ மேதை ரக்மானினாஃப் 1919இல் பதிவு செய்தபோது தன் சொந்தக் கேடன்சாவை வாசித்தார். அதன்பின் இரண்டு கையும் ஆக்டேவ்களில் (ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகளைச் சேர்த்து அடித்தபடி) கட்டைகளின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி முடித்துவிடும்.

படி 4: கஷ்டம் எங்கே, எதற்காக என்று பாருங்கள்

1832இல் பாரிசில் பகனினியின் வயலினைக் கேட்ட லிஸ்ட், பியானோவில் அதற்கு நிகரான ஒன்றைச் செய்தே தீர வேண்டும் என்று மணிக்கணக்கில் உழைத்தார். கருவியும் அதற்குத் தோதாக மாறியிருந்தது. பாரிசின் எரார் நிறுவனம் 1821இல் காப்புரிமை பெற்ற இயங்குமுறையில், கட்டை முழுதாக மேலே வருமுன்பே அதைத் திரும்ப அடிக்கலாம். அது இல்லாமல் ஃப்ரிஷ்காவின் துடிப்பு சாத்தியமே இல்லை.

ஆறாம் ராப்சடியின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். ஏழு நிமிடப் படைப்பில் கடைசி ஒன்றரை, இரண்டு நிமிடம். பி ஃப்ளாட் மேஜரில் துள்ளலான ஒரு ஆட்ட மெட்டு. வலது கை அதை ஆக்டேவ்களாக, அதாவது கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகளைச் சேர்த்து அடித்தபடி, ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக வாசிக்கிறது. மணிக்கட்டு தளர்வாக இருக்க வேண்டும், வேகமோ ஏறிக்கொண்டே போகும், இடது கையும் தாவிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் முன்கை எரியத் தொடங்கும் என்று வாசிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதற்குச் சற்று முன்னால் தனிக்குரலாக, யோசித்து யோசித்துப் பேசுவதைப் போல ஒரு மெதுவான பகுதி வருகிறது. அந்தத் தனிமையைக் கவனித்துக் கேட்டவருக்குத்தான் ஆக்டேவ் பகுதி கொண்டாட்டமாகக் கேட்கும். நேராகக் கடைசிக்குத் தாண்டிப் போய்ப் பார்ப்பவருக்கு அது உடற்பயிற்சிதான்.

11ஆம் ராப்சடியின் தொடக்கத்தில் வேறு வகைக் கஷ்டம். விரல்கள் நடுங்கிக்கொண்டே மிக மெல்லிய ஒலியில் சிம்பலோமின் கம்பி அதிர்வைக் கொண்டுவர வேண்டும். இங்கே வேகத்தைவிடத் தொடுகைதான் முக்கியம். பத்தாவதில் கட்டைகளின் மேல் விரலை வழித்துக்கொண்டு போகும் கிளிஸாண்டோக்கள் வரும், கேட்கவே குளிர்ச்சியாக இருக்கும்.

படி 5: எந்தக் காலத்து இசை என்று தெரிந்துகொள்ளுங்கள்

லிஸ்ட் 1811 அக்டோபர் 22இல் ரைடிங் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஹங்கேரி, இன்று ஆஸ்திரியா. வீட்டு மொழி ஜெர்மன். பதினொரு வயதுக்குள் வியன்னாவுக்குப் போனவர் ஹங்கேரிய மொழியைச் சரளமாகப் பேசக் கற்கவே இல்லை. 1838இல் டான்யூப் வெள்ளம் பெஷ்ட் நகரத்தை (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) அடித்துப் போட்டபோது நிதி திரட்ட வியன்னாவில் கச்சேரிகள் வாசித்தார். 1839 கடைசியில் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். 1840 ஜனவரி 4 அன்று பெஷ்ட் தேசிய அரங்கில் அவருக்கு மரியாதை வாள் அளித்தார்கள். ராப்சடிகளுக்கு மூலமான துண்டுகளை அவர் எழுதத் தொடங்கியதும் அந்தப் பயணத்தையொட்டித்தான்.

1848–49 ஹங்கேரியப் புரட்சியை ஹாப்ஸ்பர்க் அரசு ரஷ்யப் படையின் உதவியோடு நசுக்கியது. முதல் பதினைந்து ராப்சடிகள் அச்சானது 1851–53இல், அந்த ஒடுக்குமுறைக் காலத்தில். இரண்டாம் ராப்சடி யாருக்குக் காணிக்கை தெரியுமா? புரட்சி அரசின் தூதராகப் பாரிசுக்குப் போய், தோல்விக்குப் பின் நாடு திரும்ப முடியாமல் வாழ்ந்த கோமகன் லாஸ்லோ டெலெகிக்கு. கார்ட்டூன் பூனை வாசிக்கும் பாட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. 15ஆவது ராப்சடி ராகோட்சி அணிவகுப்பு. 1703 முதல் 1711 வரை ஹாப்ஸ்பர்க்குகளை எதிர்த்துப் போரிட்ட இரண்டாம் ஃபெரென்ஸ் ராகோட்சியின் பெயரைத் தாங்கியது. இவற்றை வெறும் பொழுதுபோக்காக அன்றைய ஹங்கேரியர்கள் கேட்டிருக்க முடியாது.

படி 6: மற்றவற்றுக்கு ஒரு வரிசை

மொத்தம் பத்தொன்பது. ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள், சலித்துவிடும். இரண்டும் ஆறும் முடிந்ததும் 13ஐ எடுங்கள். அதைக் கேட்ட கையோடு ஸ்பானிய வயலின் மேதை சாரசாட்டே வயலினுக்கு 1878இல் வெளியிட்ட ஜிகோய்னர்வைசனின் கடைசிப் பகுதியைப் போடுங்கள். இரண்டிலும் ஒரே மெட்டு வருகிறது. வயலினில் இயல்பாக வழுக்கிக்கொண்டு போவது பியானோவில் என்ன உருவம் எடுக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

அப்புறம் ஐந்தாவது. இதில் வேகப் பகுதியே இல்லை. முழுக்க இரங்கல். வித்தை காட்டத்தான் லிஸ்ட் எழுதினார் என்று வாதாடுபவருக்கு நான் இதைத்தான் கேட்கக் கொடுப்பேன். பிறகு பெஷ்ட் திருவிழா என்ற ஒன்பதாவது, பிறகு 12, 14. பதினான்காவதைப் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் ஹங்கேரிய ஃபேன்டசியாவாகவும் லிஸ்ட் எழுதினார், குழு இசையை விரும்புபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். 16 முதல் 19 வரை 1880களில், எழுபது தாண்டிய பிறகு எழுதியவை. 17ஆவது மூன்று நிமிடம்தான். எலும்பு மட்டும் மிச்சமிருப்பதுபோல் வறண்டு, கடுப்பாக இருக்கும். அதைக் கடைசியாக வையுங்கள்.

படி 7: ஒரே படைப்பு, வேறு வேறு கைகள்

முதலில் ஜார்ஜ் சிஃப்ரா. 1921இல் புடாபெஸ்டில் ரோமா குடும்பத்தில் பிறந்தவர், மதுக்கூடங்களில் வாசித்துப் பிழைத்தவர். நாட்டைவிட்டுத் தப்ப முயன்றதற்காக 1950இல் சிறைக்குப் போய், கல் சுமந்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டார். பிறகு அதைத் தாங்க மேடையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு வாசிப்பார். 1956இல் வெளியேறினார். அவர் கையில் ராப்சடி அங்கேயே அப்போதே உருவாவதுபோல் இருக்கும். தாளத்தை அவர் இழுத்து விடும் விதத்தில் படி 1இல் கேட்ட ப்ரிமாஷ் தெரிவார். ஹோரோவிட்ஸின் ஆறாவது எஃகு போன்றது. இரண்டாவதைத் தன் போக்கில் மாற்றியமைத்து 1953இல் அவர் வாசித்ததும் பதிவாகியிருக்கிறது. ஆர்கெரிச் இளம் வயதில் வாசித்த ஆறாவதில் ஆக்டேவ்கள் எடையே இல்லாமல் பறக்கும். நிதானமாக, ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் பிரெண்டல். பத்தொன்பதையும் ஒருவரே வாசித்த தொகுப்பு வேண்டுமென்றால் ராபர்டோ சிடோன். எனக்குச் சிஃப்ராதான் முதலிடம். ஆனால் முதல் தடவை கேட்பவருக்குப் பிரெண்டலைப் பரிந்துரைப்பேன், மெட்டு எங்கே போகிறது என்று தொலைத்துவிட மாட்டீர்கள்.

படி 8: இது நாட்டுப்புற இசைதானா?

இந்தக் கேள்வி நிச்சயம் எதிர்ப்படும். 1859இல் வெளியான தன் புத்தகத்தில் இந்த இசை ரோமாக்களின் சொந்தச் சொத்து என்று லிஸ்ட் எழுதி, ஹங்கேரியில் பெரும் கோபத்தைக் கிளப்பினார். 1905–06 வாக்கில் ஹங்கேரிய இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கோடாயும் ஒலிப்பதிவுக் கருவியான ஃபோனோகிராஃபோடு கிராமங்களுக்குப் போனபோது வேறொன்று கிடைத்தது. விவசாயிகளின் பழைய பாட்டுகள் பெரும்பாலும் ஐந்து சுரத்தில், அலங்காரமற்ற கட்டமைப்பில் இருந்தன. லிஸ்ட் எடுத்தாண்ட மெட்டுகள் பலவும் நகரத்து ஹங்கேரியர்கள் இயற்றி, ரோமா குழுக்கள் வாசித்துப் பரப்பியவை. என் கணக்கில் மெட்டு ஒருவருடையது, அதற்கு உயிர் வந்த விதம் இன்னொருவருடையது. ரோமா கலைஞர்களின் பங்கைக் குறைத்துப் பேசுவது சரியல்ல, லிஸ்ட் சொன்ன அளவுக்கு நீட்டுவதும் சரியல்ல. பார்டோக்கே 1928இல் வயலின் ராப்சடிகளை எழுதியபோது மெதுவும் வேகமுமான அதே இரண்டு பகுதி அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் 21 ஹங்கேரிய நடனங்களையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். ஒரே பியானோவில் இருவர் வாசிக்க எழுதியவை. முதல் பத்து 1869இல் வந்தன, மற்றவை 1880இல். எல்லாருக்கும் தெரிந்த ஐந்தாவதின் மெட்டு பேலா கேலருடைய சார்டாஷ், அதாவது ஹங்கேரிய ஆட்ட இசை. லிஸ்ட் குழு வாசிக்கும் முறையையே பியானோவுக்குக் கொண்டுவந்தார். பிராம்ஸ் அந்த ஆட்டத்தை இறுக்கமான சின்னச் சட்டத்துக்குள் வைத்தார்.

படி 9: நீங்களே வாசிப்பவராக இருந்தால்

இரண்டாம் ராப்சடியில் தொடங்க வேண்டாம். பார்டோக் ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய நாட்டுப்பாடல்களை வைத்து 1908–09இல் எழுதிய 'குழந்தைகளுக்காக' தொகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். தாளம் கைக்கு வந்துவிடும். அடுத்து, கூட வாசிக்க ஒரு ஆள் கிடைத்தால் பிராம்ஸ் நடனங்கள். லிஸ்ட்டுக்கு வரும்போது 17ஐயோ மூன்றையோ எடுக்கலாம்.

மெதுவான பகுதியை முதலில் வாயால் பாடிப் பாருங்கள். எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கே கையும் நிற்கட்டும். பொடிச் சுரங்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வாசித்துப் பழகி, பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஆக்டேவ் பகுதிகளில் கட்டைவிரல் வரியை மட்டும் தனியாகப் பல நாள் வாசியுங்கள், அது உறுதியானால் சுண்டுவிரல் தானாகப் போய்ச் சேரும். நடுக்க ஒலிக்கு விரலைத் தூக்கித் தூக்கி அடிக்காமல் முன்கையைச் சாவி திருப்புகிற அசைவில் இரு பக்கமும் சுழற்றுங்கள். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பொறுத்துக்கொண்டு வாசித்து கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஒரே சுரத்தைத் துடிக்கவைக்கும் இடங்களில் விரலை 3-2-1 என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். டிஜிட்டல் பியானோவில் பழகுபவர்கள் அதற்குமுன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு கட்டையைப் பாதி மட்டும் மேலே வரவிட்டு மறுபடி அழுத்துங்கள். சுரம் வரவில்லை என்றால் ஃப்ரிஷ்கா தடுமாறுவதற்குக் காரணம் உங்கள் விரல் மட்டுமல்ல. அந்தப் பகுதியை மட்டுமாவது நல்ல அக்கூஸ்டிக் பியானோ உள்ள இடத்தில் போய் வாசித்துப் பழகுங்கள்.